48 வோல்ட் பேட்டரி, 36 வோல்ட் சைக்கிள்: எங்கே தவறுகிறோம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நண்பரின் மின்சார சைக்கிள் உடைந்துபோனதால் பேட்டரியை மட்டும் 150 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறார். "அண்ணே, இது 48 வோல்ட், என் சைக்கிள் 36. மாட்டினேன், நல்லா பறந்துச்சு. நேத்து பத்துமலை போயிட்டுத் திரும்பும்போது ஜாலான் ஈப்போவில் திடீர்னு நின்னுடுச்சு. மீட்டரில் நாலு கோடு இருந்துச்சே!"

அந்த நாலு கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. அதிக வோல்ட் பேட்டரியை மாட்டினால் கன்ட்ரோலர், அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, எரிந்துவிடும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். அது உண்மைதான். ஆனால் எரிந்த கன்ட்ரோலர் புகைந்து, நாற்றமடித்து, நடந்ததை உடனே காட்டிவிடும். மாற்றினால் வேலை முடிந்தது. பேட்டரி அடிமட்டம்வரை காலியாவது யார் கண்ணிலும் படாது. வீட்டுக்குள் வந்து சார்ஜரில் உட்காரப்போவதும் அந்தப் பேட்டரிதான்.

முதலில் மேல் பக்கம். 48 என்பது பேட்டரிக்கு வைத்த பெயர், அதில் இருக்கும் அளவு அல்ல. சாதாரண லித்தியம் பேட்டரி என்றால் உள்ளே 13 செல் தொகுதிகள் தொடராக இருக்கும். ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஆக 54.6. 36 வோல்ட் பேட்டரியில் 10 தொகுதிகள், முழு சார்ஜில் 42. அதே 48 என்ற பெயரில் 16 தொகுதி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் கிடைக்கிறது. அது முழு சார்ஜில் 58.4 வரை போகும். ஸ்டிக்கரை நம்பாமல், முழு சார்ஜில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். அப்புறம் கன்ட்ரோலர் மூடியைக் கழற்றி, உருளையாக நிற்கும் பெரிய கெப்பாசிட்டரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 50 வோல்ட் என்று இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். 63 என்று இருந்தாலும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சில்லான மாஸ்ஃபெட்டின் எண்ணையும் பார்க்க வேண்டும். அது 60 வோல்ட் வகையாக இருந்தால் 54.6 மிக நெருக்கம். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 63 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாஸ்ஃபெட்டும், உள்ளே 5 வோல்ட் தரும் ரெகுலேட்டரும் பழையவைதானே? கூடுதல் வோல்ட்டை ரெகுலேட்டர் பக்கம் சூடாகத்தான் கழிக்க வேண்டியிருக்கும்.

தம்பியின் கன்ட்ரோலரில் 63 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்ததால் அது தப்பித்தது. இனி கீழ்ப் பக்கம்.

36 வோல்ட் கன்ட்ரோலர் சுமார் 31 வோல்ட்டில் "போதும்" என்று மோட்டாரை நிறுத்தும். 10 தொகுதிக்கு அது தொகுதிக்கு 3.1, சரியான இடம். 13 தொகுதிக்கு அதே 31 என்றால் தொகுதிக்கு 2.4கூட இல்லை. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும், கன்ட்ரோலருக்கு அது தெரியாது. மீட்டரும் அப்படித்தான். 48 வோல்ட் பேட்டரி 39 வோல்ட்டுக்கு வந்தால் கிட்டத்தட்ட காலி. 36 வோல்ட் மீட்டருக்கு 39 என்பது முக்கால் பங்கு மிச்சம், அதனால் நாலு கோடு காட்டும். தம்பி அதை நம்பித்தான் பத்துமலையிலிருந்து கிளம்பியிருக்கிறார்.

இந்த நிலையில் காவல் இருக்க வேண்டியது பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். பலகை மட்டும்தான்; செல்கள் அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் தடுப்பது அதுதான். நாங்கள் உறையைத் திறந்து பார்த்தோம். பழைய சொந்தக்காரர், அடிக்கடி கட் ஆகிறது என்பதற்காகவோ என்னவோ, மைனஸ் வயரைப் பலகையைத் தாண்டி நேராகச் செல்லிலேயே சோல்டர் செய்திருந்தார். ஒவ்வொரு தொகுதியாக மல்டிமீட்டரை வைத்தேன். பன்னிரண்டில் 2.7, 2.8, 2.9 என்று வந்தது. ஏழாவது தொகுதியில் 1.4.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி: "மெதுவா சார்ஜ் ஏத்தினா திரும்ப வருமே?" வரும். அதனால்தான் எனக்குப் பயம். 2 வோல்ட்டுக்கும் கீழே போய் நின்ற செல்லுக்குள் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். மீட்டரில் நல்ல அளவு காட்டிக்கொண்டே இருக்கும் பேட்டரி ஒரு நாள் இரவில் தீப்பிடிப்பது இப்படித்தான். யூடியூப் பார்த்து உயிர் கொடுக்கிறேன் என்று இறங்காதீர்கள். அந்த 150 வெள்ளி போனால் போகட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

சார்ஜரில் இன்னொரு குழப்பம். 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும், 48க்கு 54.6 வேண்டும். சிறிய சார்ஜரைப் பெரிய பேட்டரியில் செருகினால் ஏறாது, அவ்வளவுதான். மாற்றிச் செருகினால் ஒவ்வொரு தொகுதிக்கும் 5.4 வோல்ட்டுக்கு மேல் போய் நிற்கப் பார்க்கும், தடுக்க பி.எம்.எஸ். மட்டுமே. இரண்டிலும் பிளக் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டில் இரண்டு சார்ஜர் இருந்தால் சிவப்பு டேப்பைச் சுற்றி, மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதி வையுங்கள்.

குறுக்கு வழிகளும் சொல்வார்கள். 13இல் 10 தொகுதியிலிருந்து மட்டும் வயர் எடுப்பது: அந்தப் பத்து தேய்ந்துகொண்டே போகும், மூன்று நிரம்பியே நிற்கும், சார்ஜ் ஏற்றும்போது சமநிலை கெடும். பழைய 36 வோல்ட்டோடு இதைப் பக்க இணைப்பில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைப்பது: இணைத்த நொடியில் பெரிய பேட்டரி சின்னதுக்குள் கட்டுப்பாடில்லாமல் பாயும். இதைச் செய்யவே கூடாது. வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வைப்பது கொள்கைப்படி சரி, ஆனால் 15 ஆம்ப் இழுக்கும் சைக்கிளுக்கு 540 வாட் தாங்குகிற கன்வெர்ட்டர் வேண்டும். 10 ஆம்ப் என்று எழுதிய மலிவுப் பலகை முதல் மேட்டிலேயே கொதிக்கும்.

பேட்டரி உண்மையிலேயே நன்றாக இருந்தால் நேர்வழி ஒன்று உண்டு. 48 வோல்ட் கன்ட்ரோலரையும் அதற்குப் பொருந்தும் மீட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். 36, 48 இரண்டையும் ஏற்கும் கன்ட்ரோலரும் கிடைக்கிறது. வாங்கும் முன் 48இல் எந்த அளவில் நிறுத்தும் என்று கேளுங்கள், 39 முதல் 42க்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து மின்சாரம் எடுக்கும் விளக்கு எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்றும் பாருங்கள். மோட்டாரை மாற்றத் தேவையில்லை. ஆனால் வேகத்தை மீட்டரில் கட்டுப்படுத்தாவிட்டால் மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்ற சக்கரம் 33ஐத் தொடும். மழையில் நனைந்த ரிம் பிரேக்கோடு அந்த வேகத்தில் போகாதீர்கள்.

பழைய பேட்டரி எதுவானாலும், முழு சார்ஜுக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒவ்வொரு தொகுதியையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் அதை வீட்டில் வைக்க மாட்டேன். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம். அடுக்குமாடியில் பலர் வாசற்கதவை ஒட்டித்தான் சார்ஜ் போடுகிறார்கள். தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதானே!

தம்பியின் பேட்டரி முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒரு இரும்பு வாளியில் மணல் போட்டு அதில் வைத்து, கீழே திறந்தவெளியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். அப்புறம் லித்தியம் பேட்டரி எடுக்கிறார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு, மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இப்போது பழைய 36 வோல்ட்டையே மாட்டி ஓட்டுகிறார்.