அம்பின் அடியில் ஒரு காடி

திருவையாற்றில் குடமுருட்டிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறேழு பிள்ளைகள் அங்கே வில் பழக வருவார்கள். கடையில் வாங்கும் அம்பில் நாண் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் நாக் ஒட்டியிருக்கும். மர அம்பில் அது தேவையே இல்லை, தண்டின் அடியிலேயே பள்ளம் வெட்டிவிடலாம். என் அப்பா தச்சர். அந்தப் பள்ளத்தைக் காடி என்பார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ரம்பத்தை எடுக்கும் முன் தண்டைப் பாருங்கள். ஒருமுறை அவசரத்தில் நான் பார்க்காமல் வெட்டினேன். அக்கா பையன் அந்த அம்பை விட்டதும் சட்டென்று ஒரு சத்தம். காடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. தள்ள அம்பு இல்லாமல் போனதால் நாணின் வேகம் முழுவதையும் வில்லே வாங்கி, அதன் மேல்பாதியில் விரிசல் விட்டிருந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல் மரத்தின் வளர்ச்சி வளையம் பார்க்காமல் நான் ஒரு தண்டையும் தொடுவதில்லை.

பார்ப்பது இப்படி. தண்டின் வெட்டு முகத்தை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். பைன் மரமாக இருந்தால் வெளிறிய பட்டையும் கருத்த கோடுமாக வளையங்கள் தெளிவாக எழும்பும். காடி அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்ட வேண்டும். கோட்டோடு கோடாக வெட்டினால் நாண் தள்ளும்போது மெத்தென்ற பட்டை வழியே மரம் பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் பல வளையங்கள் சேர்ந்து தாங்கும்.

அப்புறம் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். இரண்டு பக்கம் நேர்கோடுகள் ஓடும். மற்ற இரண்டு பக்கத்தில் விளக்குச் சுடர் மாதிரி கூரான கோடுகள் தெரியும். வளையத்துக்குக் குறுக்கே காடி விழுந்தால், விறைப்பான நேர்கோட்டுப் பக்கம் தானாகவே வில்லை ஒட்டி வரும். சுடர் உள்ள பக்கங்கள் மேலும் கீழுமாக நிற்கும். மேல்பக்கத்துச் சுடரின் கூர் இலக்கைப் பார்த்திருக்கட்டும். தண்டு எப்போதாவது முறிந்தாலும், முறிந்த முனை வில் பிடித்த கையில் குத்தாமல் மேலே ஏறிப் போகும். கூர் பின்னோக்கி இருந்தால் தண்டை அரைச்சுற்று திருப்புங்கள், எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் சரியாக இருக்கும். மேல்பக்கம் எது என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

இனி வெட்டு. ஆக்சா பிளேடு மூன்றைச் சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றினால் அதுவே ரம்பம். ஏறக்குறைய நாண் தடிமனுக்கு வெட்டும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, உங்கள் நாணை அதில் வைத்துப் பாருங்கள். தண்டில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி வைஸில் நிறுத்துங்கள். நடுக்கோட்டில் பிளேடை வைத்து, முதல் சில இழுப்பு உங்களை நோக்கி மட்டும் இழுங்கள். தடம் பதிந்த பிறகு இரண்டு பக்கமும் ஓட்டலாம். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை முன்னும் பின்னும் குனிந்து பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஆழமாக இறங்கிவிடும். 9 மில்லிமீட்டர் தண்டுக்கு 7, 8 மில்லிமீட்டர் ஆழம் போதும்.

காடியின் அடியை எலிவால் அரத்தால் வளைவாக்குங்கள். சதுர மூலை நின்றால் விரிசல் அங்கேதான் தொடங்கும். மடித்த உப்புத்தாளை உள்ளே விட்டு வழவழப்பாக்கி, காடியின் இரு பக்கமும் நிற்கும் உதடுகளின் வெளி விளிம்பையும் லேசாக மழுக்குங்கள். உதட்டை மெல்லியதாகச் சீவ வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் உடையும்.

நாணில் மாட்டிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வில்லைப் படுக்கையாகப் பிடித்து, நாணிலிருந்து அம்பைத் தலைகீழாகத் தொங்க விடுங்கள். விழாமல் தொங்க வேண்டும். நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் கழன்று விழ வேண்டும். தட்டியும் விழவில்லையா? இன்னும் நாலு தேய். தட்டாமலே விழுந்தால் அந்தக் காடியை அறுத்துவிட்டு மறுபடி வெட்டுங்கள்.

கடைசியில் கட்டு. காடியின் அடிக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு நூலை இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றுங்கள். திருபுவனத்தில் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து மிச்சப் பட்டு நூல் எனக்குக் கிடைக்கிறது. மெல்லியது, இழுத்தாலும் அறாது. நூல் முனையைக் கட்டுக்குள்ளேயே இழுத்துவிட்டு, மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு. இந்தக் கட்டைத் தவிர்க்காதீர்கள், மூங்கிலில் கட்டாயம். மூங்கில் தண்டானால் காடிக்குக் கீழேயே ஒரு கணு வரும்படி அறுத்துக்கொள்ளுங்கள். பிளவு கணுவைத் தாண்டாது.

அம்பின் இறகுகளில் நிறம் மாறிய அந்த ஒற்றை இறகை ஒட்டும்போது பென்சில் புள்ளி மேலே இருக்கட்டும். அந்த இறகு காடிக்குச் செங்குத்தாக, வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்கும்.

ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் வாங்கி உப்பும். கோடையில் சரியாகத் தொங்கிய அம்பு அப்போது நாணைக் கவ்விக்கொள்ளும். மழை விட்டு முதல் ஞாயிறு, பிள்ளைகள் வரும் முன்பே எல்லா அம்பையும் ஒருமுறை தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்துவிடுகிறேன்.