ரிப்பேர் பாக்கி உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக வருகிறதென்றால், இன்ஜினைப் பார்க்கும் முன்பே அது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015, 2023 டிசம்பர் மழையில் எத்தனை கார்கள் மூழ்கின! சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். எப்போதும் உள்ளே சுருண்டே கிடக்கும் அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால், விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே பாலிஷ் போட்டுவிடலாம். வயரிங்கில் ஏறிய ஈரம் பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

அப்புறம் ரிப்பேர் செலவு. விற்பவர் சொல்லும் தொகையை நம்பாமல், உங்கள் மெக்கானிக்கையே அழைத்துப்போய் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். டர்போவோ டூயல் கிளட்ச் கியர்பாக்ஸோ போயிருந்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். ஸ்விஃப்ட்டுக்குக் கிடைப்பதுபோல இதற்கும் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் பாகம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

வெளிமாநில வண்டியா? தமிழ்நாட்டு சாலை வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) கடன் பதிவு இருந்தால், வங்கி தரும் என்ஓசியை (ஆட்சேபனை இல்லை என்ற சான்றை) கண்ணால் பார்க்கும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.