திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கரையோரமாக நடக்க

கடலோரமாக நான்கைந்து நாள் நடக்கப் போகிறோம், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் முதலில் வரைபடத்தை விரிக்கத்தான் சொல்வேன். பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருச்செந்தூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை மணல் விட்டுப்போகாமல் நீள்வதுபோல் தெரியும். உண்மையில் பல இடங்களில் கரையை விட்டுச் சாலைக்கு ஏறியே ஆக வேண்டும். அந்த இடங்களை முதலில் குறித்துக்கொண்டால், அன்றன்றைய தூரமும் தங்குமிடமும் சுமக்க வேண்டிய தண்ணீரும் அதிலிருந்தே முடிவாகிவிடும்.

திருச்செந்தூரை விட்டதும் ஆலந்தலை. அதற்குத் தெற்கே கல்லாமொழிப் பக்கம் உடன்குடி அனல்மின் நிலையத்தின் இடம் என்பதால், ஆலந்தலையிலிருந்து குலசேகரன்பட்டினம் வரை சாலையில் போய்விடுவது நல்லது. அங்கிருந்து மணப்பாடு வரை மீண்டும் மணல். மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் சேர்கிறது. அதைத் தாண்டினால் பெரியதாழை வரும் வழியில், 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கான நிலம் இருக்கிறது. வேலியோ காவலரோ தென்பட்டால் வாதம் செய்யாமல் சாலைக்குப் போய்விடுங்கள். உவரிக்குத் தெற்கே ஆற்றங்கரைப் பள்ளிவாசல் அருகே நம்பியாற்று முகம். அதன்பின் இடிந்தகரை. அங்கே கரை நடையை நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து கூடங்குளம் அணுமின் நிலையம். கடலோர வழி கிடையாது, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவும் கூடாது. பஸ் பிடித்துச் சுற்றிப்போய்க் கூட்டப்புளியில் மறுபடி கரைக்கு இறங்கலாம்.

முதல் நாள் மணப்பாடு, இரண்டாம் நாள் உவரி, மூன்றாம் நாள் இடிந்தகரை, நான்காம் நாள் கூட்டப்புளியிலிருந்து கன்னியாகுமரி என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் மூன்று நாளும் நாளொன்றுக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி வரும், கடைசி நாள் அதைவிடக் குறைவு. மணலில் அது சாலையின் 30 கிலோமீட்டர் அளவுக்கு உடம்பை வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பெரியதாழையில் ஓர் இரவு கூட்டிக்கொள்ளலாம், அல்லது அங்கிருந்து பஸ் ஏறலாம்.

ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும்தான் ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஆனால் தைப்பூசத்தை ஒட்டியும் மாசித் திருவிழாவிலும் திருச்செந்தூரில் அறை கிடைப்பது கடினம். தேதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். கூடாரம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில மைலுக்கு ஓர் ஊர் இருக்கும் கரை இது. திருச்செந்தூரில் விடுதிகளுக்குக் குறைவில்லை. உவரி அந்தோணியார் கோயிலுக்கு வரும் பக்தர்களுக்கும் தங்க இடம் உண்டு. மணப்பாட்டிலும் இடிந்தகரையிலும் அறை உறுதியாகாவிட்டால், மாலையில் பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போய்த் தங்கிவிட்டுக் காலையில் விட்ட இடத்துக்கே வந்து நடக்கலாம்.

ஆற்று முகத்தை உள்ளூரில் பொழி என்பார்கள். மழை ஓய்ந்தபின் மணல் மூடிக் காய்ந்து கிடக்கும் பொழி, ஆற்றின் மேற்பகுதியில் ஒரு மழை பெய்தால் வெட்டிக்கொண்டு ஓடும். முழங்கால் அளவு நீர்தானே என்று தெரியும் இடத்தில் காலுக்கடியில் மணல் கரைந்துகொண்டிருக்கும். "அண்ணாச்சி, பொழி திறந்திருக்கிறதா?" என்று வலை சரிசெய்பவரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். திறந்திருக்கிறது என்றால் பாலத்துக்குப் போங்கள், எத்தனை கிலோமீட்டர் சுற்றானாலும் சரி. கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் எல்லோரும் பூசையில் இருப்பார்கள், கரையில் கேட்க ஆள் இருக்காது. பொழி கடக்கும் நாள் ஞாயிறாக அமையாதபடி திட்டமிடுங்கள்.

கடல்நீர் வற்றியிருக்கும் நேரத்தில், அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில்தான் நடக்க வேண்டும். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், முதல் நாள் நேரத்தைக் குறித்தால் மற்ற நாள்களையும் கணக்கிடலாம். விடியும்போதே கிளம்பிப் பத்தரைக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள். மூன்றரைக்குப் பிறகு மிச்சத்தை நடக்கலாம். தெற்கு நோக்கிப் போகையில் கடல் இடக்கைப் பக்கம். கரை அந்தப் பக்கமே சரிந்திருப்பதால் இடது கால் எப்போதும் தாழ்வாகவே ஊன்றும், மாலையில் இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மணிக்கொருமுறை சரிவு குறைந்த மேட்டுப் பகுதிக்கு ஏறிச் சிறிது தூரம் நடந்தால் இது பெரிதும் குறையும். அப்போதே காலணியைக் கழற்றி, காலுறையை உதறி, விரலிடுக்கு மணலை உலர்ந்த துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கொப்புளம் விரலிடுக்கில்தான் தொடங்கும். மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல்லும் உடைமுள்ளும் உண்டு, வெறுங்காலோடு அங்கே ஏறாதீர்கள்.

இனி பை. தண்ணீரோடு சேர்த்து ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பு என்பதால் இதில் சமரசம் வேண்டாம். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பொரிகடலை, உடன்குடிக் கருப்பட்டி. விரைவில் உலரும் உடை இரண்டு செட். ஜீன்ஸ் உப்புநீரில் நனைந்தால் தொடையை அறுத்துவிடும், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு சாரம் (லுங்கி) குளிக்கவும் விரிக்கவும் போர்த்தவும் உதவும். அகலத் தொப்பி, பருத்தித் துண்டு, மூன்று ஜோடிக் காலுறை, ரப்பர் செருப்பு, டார்ச், பவர் பேங்க், பிளாஸ்திரி, வழக்கமான மாத்திரைகள். ஆதார் அட்டை மேல்பையிலேயே இருக்கட்டும், கடலோரக் காவல் குழும போலீசார் கேட்கக்கூடும். எல்லாவற்றையும் தடித்த பாலித்தீன் உறையில் கட்டிப் பைக்குள் வையுங்கள்.

கரைவலை இழுக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள், இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். காயும் வலையை மிதிக்காதீர்கள். கடலில் குளிக்க ஆசையிருந்தால் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும், இடுப்பளவு நீருக்குள் நில்லுங்கள். மேகம் துளி இல்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் பெருகிவரும் அலை, எழும். கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தினமும் கிளம்பும் முன் பாருங்கள், வந்திருந்தால் அன்று சாலைதான்.

கடைசி நாளில் வட்டக்கோட்டையில் கொஞ்சம் தாமதியுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு கட்டிய கருங்கல் கோட்டை, மதில்மேல் நின்றால் வந்த கரையும் போகப்போகும் கரையும் தெரியும். பிறகு லீபுரம், ஆரோக்கியபுரம். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் மட்டும் மீண்டும் சாலைக்கு ஏறிக் கடந்தால் கன்னியாகுமரி. சென்னை ரயில் மாலையில் புறப்படுவதால், அன்று மதியத்துக்குள் ஊர் சேரும்படி கூட்டப்புளியில் அதிகாலையிலேயே இறங்கிவிடுங்கள்.