குடிபோதையில் வந்த வண்டி மோதிய வீட்டுக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொங்குப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு இடி விழுந்தால் ஆள் பலத்துக்குக் குறைவிருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் பங்காளிகள், மாமன் மச்சான்கள், தறிக்குடோன் ஓனர், பால் சொசைட்டிக்காரர் என்று எல்லாரும் வந்து நிற்பார்கள். டீயும் பன்னும் யாரும் சொல்லாமலே வரும். சிக்கல் அதற்கப்புறம்தான். வந்தவர்கள் ஆளுக்கொரு முடிவெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதில் பாதி முடிவு, அடிபட்டவர் வீட்டுக்கு உதவாமல், குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு உதவிவிடும். நல்ல மனசோடு செய்கிற காரியம் என்பதால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

முதல் ராத்திரியில்

அடிபட்டவரைச் சுற்றி முப்பது பேர் இருப்பார்கள். ஓட்டியவனுக்கு ரத்தம் எடுத்தார்களா என்று கேட்க ஒருவர் இருக்க மாட்டார். வழக்கு முழுக்க நிற்பது அந்தக் கேள்வியில்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி குற்றம். ஆனால் உடம்பில் ஏறிய சரக்கு மணிக்கு மணி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பிரிவில் கைதானவனை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விடியட்டும் பார்த்துக்கலாம் என்று விட்டால், விடிந்தபோது பேப்பரில் காட்ட ஒன்றும் இருக்காது. ‘வாயில் வாடை வந்தது’ என்ற ஒரு வரி மட்டும் கோர்ட்டில் தாங்காது. எனவே கூட்டத்தில் நிதானமான ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். சத்தம் போட வேண்டாம். ஊதச் சொன்னீர்களா, ரத்தம் எடுத்தீர்களா, எந்த நேரத்தில் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

சிலர் ஓட்டியவனைப் பிடித்து வெளுத்துவிடுகிறார்கள். ஆத்திரம் புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் அவனும் ‘அடிபட்டவனாக’ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வான், அடித்தவர்கள் மேல் தனிக் கேஸ் வரும், பேச்சு வார்த்தையில் அதுவே அவன் பக்கத்துக்குத் துருப்புச் சீட்டாகும். அடிப்பதற்குப் பதில், ஸ்டியரிங் பக்கத்திலிருந்து இறங்கியது யார் என்று பார்த்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். வண்டி பெரிய இடத்துப் பிள்ளையினுடையது என்றால், மறுநாள் காலை சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர் ஒருவர் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று வந்து நிற்பது நடக்காத கதையில்லை. அந்த ரோட்டில் உள்ள பெட்ரோல் பங்க், மில் கேட், கம்பெனி வாசல் கேமராக்களையும் தள்ளிப்போடக் கூடாது. பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். எந்தெந்த இடத்தில் கேமரா இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, போலீஸ் மூலம் எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்த வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அந்தக் குரூப்பில் அடிபட்டவரின் பத்தாவது படிக்கும் மகளும் இருப்பாள்.

பணத்தைப் பற்றி ஒன்று. முன்பணம் கட்ட வேண்டும் என்று கேட்டவுடன் வட்டிக்கு ஓடுகிறார்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தின் வரம்புக்குள் அரசே ஏற்கும். வருமானம் எவ்வளவு, எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை அறிவித்திருக்கிறது. ஆக, அவிநாசியிலோ விஜயமங்கலத்திலோ பைபாஸில் அடிபட்டவரைக் கொண்டுபோகும்போது ‘எது பெரிய ஆஸ்பத்திரி’ என்று மட்டும் பார்க்காமல், ‘திட்டத்தில் இருக்கிறதா’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் முதல் நாளே கவுன்டரில் கொடுத்துவிட வேண்டும்.

‘நம்ம பையன்தானுங்க’

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ ஒருவர் வருவார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. ‘ஏனுங் அம்மிணி, போன உசுரு திரும்ப வரப்போகுதுங்களா? அந்தப் பையனும் நம்ம பையன்தானுங்க. ஏதோ புத்தி கெட்டுப் போச்சு. கேசு கீசுன்னு அலையாம நாலு பேரு உக்காந்து பேசி முடிச்சுக்கலாமுங்க.’ சொல்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே கோயிலில் பொங்கல் வைக்கிறவர்களாக இருக்கும், கொடுக்கல் வாங்கல் இருக்கும். கிணற்றுத் தண்ணீர்த் தகராறு, வரப்புத் தகராறை எல்லாம் அப்படிப் பேசித் தீர்த்த ஊர்தான் இது.

இது வரப்புத் தகராறு இல்லை. உயிர் போன வழக்கை ஊரில் உட்கார்ந்து முடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. அஜாக்கிரதையால் மரணம் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டினான் என்று நிரூபணமானால், அதைவிடக் கடுமையான 105-வது பிரிவுக்கும் வழி உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இதே மாதிரிப் பிரிவில் கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்திருக்கிறது.

அப்படியானால் இந்தப் பேச்சில் நிஜமாக என்ன நடக்கிறது? இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ கைக்கு வரும். ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் ‘எங்கள் வீட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார்’ என்றோ ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்றோ ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி கிரிமினல் கேஸையும் கீழே இழுத்துவிடும், நஷ்டஈட்டுக் கேஸையும் கீழே இழுத்துவிடும். உதவ வந்தவர் இங்கே செய்ய வேண்டியது சண்டை இல்லை. ‘வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோமுங்க’ என்று கணவனை இழந்த அந்தப் பெண்ணுக்குப் பதிலாகச் சொல்லும் வாயாக இருக்க வேண்டும். சொல்கிற ஆள் அவளுடைய அண்ணன் தம்பியாக இருந்தால் இன்னும் நல்லது.

‘குடிச்சிட்டு ஓட்டுனா இன்சூரன்ஸ் வராது, அதனால குடுக்கறத வாங்கிக்கங்க’ என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். குடித்தவனுடைய சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபர் விஷயம் வேறு. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன.

பேப்பர்களை யார் பார்ப்பது

சோறு கொண்டுபோக ஐம்பது வீடு இருக்கிறது. ஃபைல் ஒன்று வாங்கி வைக்கத்தான் ஆள் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருந்துக்கடை பில், ஆம்புலன்ஸ் ரசீது எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதற்கு யாரும் காசு கேட்க முடியாது. வாங்கியதும் பெயரைப் பாருங்கள். ஆதாரில் பழனிசாமி, எஃப்.ஐ.ஆரில் பழனிச்சாமி, இறப்புச் சான்றிதழில் இனிஷியல் வேறு என்று இருந்தால், பின்னால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நடையாய் நடக்க வேண்டி வரும். ‘உடம்பை அறுக்க வேண்டாம், அப்படியே குடுத்துருங்க’ என்று கெஞ்சுவதும் தவறு. அந்த அறிக்கை இல்லாமல் விபத்தில்தான் இறந்தார் என்பதை நிறுவுவது கஷ்டம்.

நஷ்டஈடு கேட்பது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில். கிருஷ்ணகிரியில் விபத்து நடந்திருந்தாலும் குடும்பம் தாராபுரத்தில் இருந்தால், குடியிருக்கும் இடத்துக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் உள்ள வரி. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். வருஷம் திரும்பட்டும், திதி முடியட்டும் என்று தள்ளிப்போடச் சொல்லும் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

தொகையை முடிவு செய்வது வருமானம். நம் பக்கம் பெரிய ஓட்டையே இங்குதான். தறி ஓட்டுகிறவருக்கும், பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கும், மாடு வைத்துப் பிழைக்கிறவருக்கும் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? ‘கூலி வேலை’ என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 34 வயதுக்காரர், சொந்தத் தொழில்; மனைவி, இரண்டு பிள்ளை, அம்மா. உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழித்து, வயதுக்கு உரிய 16-ஆல் ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டும். மாத வருமானம் 12,000 என்று எடுத்துக்கொள்வதற்கும் 18,000 என்று நிரூபிப்பதற்கும் நடுவே 12 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. எனவே பால் சொசைட்டி அட்டை, மஞ்சள் மண்டி பில், பாவு நூல் வாங்கிய நோட்டு, சீட்டுக் கட்டிய புத்தகம், பேங்க் பாஸ்புக், ஜிபே வரவு என்று எது கிடைத்தாலும் தேடி எடுத்துக் கொடுங்கள். சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றால் இ.எஸ்.ஐ. நம்பரையும் தேடுங்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்த விபத்தையும் வேலையில் ஏற்பட்ட காயமாக எடுத்துக்கொள்ள 2010-லிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரலாம். பி.எஃப். பிடித்திருந்தால் அதோடு சேர்ந்த இன்சூரன்ஸ் தனி. பேங்க் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மரணத்துக்கு 2 லட்சம். இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாமலே காலாவதியாகிப் போகிறது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்க வருகிற புரோக்கரை உள்ளே விடாதீர்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வக்கீல்களின் நடத்தை விதிகளுக்கே விரோதம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைக்கும். எண் 15100.

இழவு வீட்டுப் பேச்சு

‘விதி’, ‘நேரம்’, ‘சனி பிடிச்சிருந்துது’ என்பதெல்லாம் நோயில் போனவர் வீட்டில் ஆறுதலாக இருக்கலாம். இங்கே ஒருவன் பாட்டிலைத் திறந்தான், சாவியைத் திருகினான். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியும். அவர்கள் திட்டினால் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றினால் தூற்றட்டும். ‘சாபம் விடாதீங்க, பாவம்’ என்று வாயை அடைக்காதீர்கள். ஹெல்மெட் போட்டிருந்தாரா, அந்நேரத்துக்கு எதுக்கு வெளியே போனார் என்ற விசாரணையும் வேண்டாம். கேட்க வேண்டியவர்கள் கோர்ட்டில் கேட்பார்கள்.

கருமாதிக்கு அப்புறம்

ஆள் பிழைத்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் இருந்தால் கதை வேறு. முதல் மாதம் ஹார்லிக்ஸ் பாட்டில் அடுக்க இடமிருக்காது, மூன்றாம் மாதம் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். அதை ராத்திரியும் பகலும் ஒரே பெண் செய்துகொண்டிருப்பாள். ‘ஏதாச்சும் வேணும்னா கூப்புடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்தால் அவள் கூப்பிடப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், சனிக்கிழமை ராத்திரி என் வீட்டுக்காரி வந்து படுத்துக்குவா என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். சாவு வீடாக இருந்தாலும் இதே கணக்குதான். ஸ்கூல் பீஸ் கட்டும் ஜூன் மாதத்தையும், வாய்தா தேதியையும் உங்கள் போனில் குறித்து வையுங்கள். வசூல் பண்ணிய பணத்தை அவள் பெயரிலுள்ள கணக்கில் மட்டும் போடுங்கள்.

கேஸ், பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு வந்தால் கூடவே போங்கள். அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது. ‘இப்பவே வாங்கிக்கங்க, இல்லன்னா இழுக்கும்’ என்று அவசரப்படுத்தினால், வெளியே வந்து பத்து நிமிஷம் வக்கீலோடு பேச அவளுக்கு உரிமை உண்டு. பணம் வந்ததும், கொழுந்தன் போர் போடவும் சித்தப்பா வீட்டுக்கு ரூஃப் போடவும் கைமாத்துக் கேட்பார்கள். பிள்ளைகளின் பங்கைத் தீர்ப்பாயமே பெரும்பாலும் மேஜராகும்வரை பேங்க் டெபாசிட்டில் போடச் சொல்லிவிடும். அவளுடைய பங்கையும் டெபாசிட்டில் போட்டு, மாதாமாதம் வட்டி மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டு வாங்கலாம். கைமாத்துக் கேட்டு வருகிறவர்களிடம் ‘பணம் கோர்ட்டு டெபாசிட்டுல கெடக்குதுங்’ என்று சொல்லிவிட முடியும்.