யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகும் குடும்பத்துக்குச் சிங்கப்பூரில் ஹோட்டல் பார்ப்பது எப்படி

சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஹோட்டல் தேடும்போது முதலில் பார்ப்பது, பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்பதை. அடுத்தது நட்சத்திரம். இரண்டும் அவ்வளவாக உதவாது. இந்த ஊரில் தூரத்தை ரயில் பாதையை வைத்துப் பார்க்க வேண்டும், அறையைக் கட்டிலை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகிற பக்கத்து ஹோட்டலைவிட, ஒரே ரயிலில் போய் இறங்குகிற தூரத்து ஹோட்டல் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கிட்டே இருக்கிறது.

ஆள் கணக்கும் கட்டில் கணக்கும்

தேடும் தளத்தில் பெரியவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வயது என்பதை உள்ளபடி போடுங்கள். "சின்னப் பிள்ளைதானே, கூடப் படுத்துக்கொள்ளும்" என்று இரண்டு பேருக்கு மட்டும் பதிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. வரவேற்பில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்ப்பார்கள். அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பைத் தாண்டினால் இன்னொரு அறை எடுக்கச் சொல்வார்கள், அதுவும் அன்றைய விலையில்.

விலை குறைந்த ஹோட்டல்களில் அறை 10 முதல் 14 சதுர மீட்டர்தான் இருக்கும். நம் கணக்கில் சுமார் 110 முதல் 150 சதுர அடி. கட்டிலைப் போட்டபின் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து வைக்கத் தரை மிஞ்சாது. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் என்றால் 20 சதுர மீட்டருக்குக் கீழே பார்க்க வேண்டாம். 28 இருந்தால் நெருக்கடி இல்லாமல் இருக்கலாம்.

கட்டிலின் பெயரை நம்பாமல் அகலத்தைப் பாருங்கள். குயின் கட்டில் சுமார் 150 செ.மீ., கிங் சுமார் 180. குயினில் அப்பா, அம்மா, ஏழு வயதுப் பிள்ளை மூவரும் படுத்தால் ஆளுக்கு 50 செ.மீ. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து அப்படித் தூங்க முடியாது. "ஃபேமிலி ரூம்" என்பதற்கும் ஒரே பொருள் கிடையாது. ஓரிடத்தில் இரண்டு குயின் கட்டில், இன்னோரிடத்தில் ஒரு குயினும் ஓர் அடுக்குக் கட்டிலும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடாது. தாத்தா பாட்டியும் வந்தால் இரண்டு அறை எடுப்பதே நல்லது. அப்போது "அடுத்தடுத்த அறை" என்று கேட்காமல், நடுவில் கதவு உள்ள "கனெக்டிங்" அறை என்றே கேளுங்கள். அடுத்தடுத்த அறை என்றால் நடுராத்திரியில் பிள்ளை பாட்டியைத் தேடினால் வராந்தாவுக்குத்தான் வர வேண்டும்.

படத்தில் தெரியாதவை

சிங்கப்பூரில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய உண்டு. சட்டப்படி விற்கப்படுபவைதான், விலையும் குறைவு. ஆனால் படத்தில் திரைச்சீலையைத் தொங்கவிட்டிருப்பதால் தெரியாது. அறை விவரத்தில் ஜன்னல் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சலில் தண்ணீர் ராட்டினங்களில் நனைந்த துணியும் செருப்பும் ஜன்னலில்லாத அறையில் மறுநாளும் காயாது. ஒரு இரவுக்குச் சரி, நான்கு இரவுக்கு வேண்டாம்.

இரண்டாவது, கண்ணாடிச் சுவர் வைத்த குளியலறை. சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட இப்படிக் கட்டுகிறார்கள். வளர்ந்த பிள்ளைகளோடும் மாமனார் மாமியாரோடும் அந்த அறையில் இருப்பது எல்லாருக்கும் சங்கடம். விருந்தினர்கள் தாங்களே எடுத்துப் போட்ட படங்களில் குளியலறையைத் தேடிப் பாருங்கள். கழிப்பறையில் கைத்தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மின்தூக்கி. லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் சிலவற்றில் குறுகலான படிக்கட்டு மட்டுமே. குழந்தை வண்டியோ முழங்கால் வலியோ உள்ள குடும்பம் இதைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

விருந்தினர் கருத்துகளைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும் படியுங்கள். ஒரே குறை மூன்று பேர் வாயில் வந்தால் அது உண்மை. ஈர வாடை, ஏசித் தண்ணீர் சொட்டுவது, மூட்டைப்பூச்சி, இந்த மூன்றும் முக்கியம். வரவேற்பில் சிரிக்கவில்லை என்பதையெல்லாம் தாண்டிப் போகலாம்.

எந்தப் பகுதி

யுனிவர்சல் இருப்பது செந்தோசாவில், ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்துக்குள். அங்கே போகும் வழி: எம்ஆர்டி என்ற நகர ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம், அதற்கு மேலேயே விவோசிட்டி கடைத்தொகுதி, அதன் மூன்றாவது தளத்திலிருந்து தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில். தீவுக்குள் போக 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள்), திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. விவோசிட்டியிலிருந்து கூரை போட்ட நடைபாலத்தில் நடந்தும் போகலாம்.

ஹார்பர்ஃபிரண்டுக்கு வரும் வடகிழக்கு ரயில் பாதைதான் நம் குடும்பங்களுக்கு உயிர்நாடி. அதில் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, தோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், ஹார்பர்ஃபிரண்ட் என்று வரிசையாக வரும். லிட்டில் இந்தியாவில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், ரயில் மாற வேண்டியதில்லை. நடை, காத்திருப்பு, விவோசிட்டி மின்படிகள் எல்லாம் சேர்த்து ஹோட்டல் வாசலிலிருந்து யுனிவர்சல் வாசலுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பகுதியின் பெரிய பலம் சாப்பாடு. சிராங்கூன் சாலையில் காலையிலேயே இட்லி, தோசை கிடைக்கும். 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் அங்கேதான். தேக்கா சந்தையில் காய்கறியும் உணவுக்கடைகளும், சையத் ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டரும் உண்டு. வெளியூரில் பிள்ளை மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடிப்பது எப்படிப்பட்ட தொல்லை என்பது பெற்றோருக்குத் தெரியும். தயிர்சாதம் கிடைக்கிற தெருவில் தங்கினால் அந்தத் தொல்லை பாதி குறையும். ஞாயிறு மாலை மட்டும் விடுமுறை நாளைக் கழிக்க வரும் தொழிலாளர்களால் தெருக்கள் நிரம்பி வழியும். அன்று குழந்தை வண்டியோடு நடப்பது சிரமம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி ஊர்வலம் கிளம்பும், சாலைகளை மூடுவார்கள். அன்று பெட்டியோடு வந்து இறங்கினால் டாக்சி ஹோட்டல் வாசல் வரை வராது.

சைனாடவுன், ஊட்ரம் பார்க் பக்கம் செந்தோசாவுக்கு இன்னும் கிட்டே. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கேலாங் பகுதியில் விலை மிகக் குறைவாகக் காட்டும். அங்கே இரட்டை எண் உள்ள லோரோங் தெருக்கள் பலவற்றில் பாலியல் விடுதிகள் நடக்கின்றன. பிள்ளைகளோடு அங்கே தங்க வேண்டாம், வடகிழக்குப் பாதையும் அந்தப் பக்கம் போவதில்லை.

செந்தோசாவுக்குள்ளேயே தங்கலாமா என்பதற்குப் பதில், பிள்ளையின் உயரத்தில் இருக்கிறது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ராட்டினத்துக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும், மம்மி ராட்டினத்துக்கு 122, ஜுராசிக் தண்ணீர்ச் சவாரிக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. பிள்ளைகள் 125ஐத் தாண்டியிருந்தால் திறந்ததிலிருந்து மூடும்வரை உள்ளேயேதான் இருப்பார்கள். அறை பக்கத்தில் இருந்து பயனில்லை, அந்தப் பணம் வீண். ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் கதை வேறு. மதியத்துக்குள் ஏறக்கூடியவை முடிந்துவிடும், வெயிலில் தூக்கத்துக்கு அழும். அப்போது பத்து நிமிட நடையில் அறை இருந்தால், தூங்கவைத்துவிட்டு மாலையில் மறுபடி உள்ளே வரலாம். வெளியேறும்போது திரும்ப வருவோம் என்று வாசலில் சொல்லி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். யுனிவர்சலோடு தண்ணீர்ப் பூங்காவையும் மீன் காட்சியகத்தையும் சேர்த்து இரண்டு நாள் அங்கேயே கழிப்பவர்களுக்கும் உள்ளே ஓர் இரவு தங்குவது தகும். ஓர் இரவு போதும், மீதி இரவுகளை நகரத்தில் போடுங்கள்.

வாடகைக்கு வீடு எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். தளங்களில் தென்பட்டாலும் தொட வேண்டாம். சமையலறை கட்டாயம் வேண்டுமென்றால், ஹோட்டல் உரிமம் உள்ள சர்வீஸ் அபார்ட்மெண்டாகப் பாருங்கள். சாதாரண ஹோட்டல் அறையில் குக்கர் வைத்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும், அபராதமும் விழும்.

விலையைக் கணக்கிடுதல்

விலைக்குப் பின்னால் ++ குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 200++ என்றால் 200, 220 ஆகி, 239.80 வெள்ளியில் நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும் முன் இரண்டையும் வரியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

காலை உணவு சேர்ந்த விலையை எடுக்கும்போது எத்தனை பேருக்கு என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்குத்தான், பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். லிட்டில் இந்தியாவில் தங்கினால் உணவு சேராத விலையே லாபம்.

அறைக்குள் போகும்போது முன்வைப்புத் தொகையாக அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் அட்டையில் நிறுத்தினால் அது கணக்குக்குத் திரும்பச் சில வாரங்கள்கூட ஆகலாம், பயணத்தின் நடுவில் கை முடங்கும். இதற்குக் கிரெடிட் அட்டையைக் கொடுங்கள். இயந்திரம் "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றும் விகிதம் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

நாள் தேர்வு விலையைப் பாதியாகவும் இரட்டிப்பாகவும் ஆக்கும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க விடுமுறை, அப்போது யுனிவர்சலில் வரிசை நீளும். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே தேர்வு முடிந்துவிடும், அங்கே அப்போது பள்ளி நடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை, செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாளில் யுனிவர்சல் போவது சிறந்தது. காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத் தேதியைப் பார்த்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் வரும் அந்த வாரம் நகரம் முழுக்க அறை விலை ஏறிவிடும்.

வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும்

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் சிங்கப்பூரில் விடியற்காலையில் இறங்கும். பறக்கும் நேரம் நான்கு மணியும் சற்றும், கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடும். அறை கிடைப்பதோ பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. தூங்காத பிள்ளைகளோடு ஏழெட்டு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. மூன்று வழி உண்டு: பகல் விமானம் பிடிப்பது, முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுப்பது, பெட்டிகளை ஹோட்டலில் விட்டுவிட்டுப் பக்கத்தில் சுற்றுவது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இரண்டாவதே சரி. அப்படி எடுத்தால் "காலை 8 மணிக்குத்தான் வருவோம், அறையை வைத்திருங்கள்" என்று எழுதித் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் வரவில்லை என்று ரத்து செய்துவிடுவார்கள். எந்த வழியானாலும் வந்து இறங்கும் நாளில் யுனிவர்சல் சீட்டு வாங்காதீர்கள்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலிலேயே வரலாம். ஒரு நிறுத்தத்தில் எக்ஸ்போ, அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. பெட்டி அதிகமென்றால் டாக்சி. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். ஐந்து பேர் குடும்பம் பெரிய வண்டிக்குச் சொல்ல வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை போட வேண்டும் என்ற விதி டாக்சிக்குக் கிடையாது, செயலியில் அழைக்கும் தனியார் கார்களுக்கு உண்டு.

பதிவு செய்யும்போது இலவச ரத்து உள்ள விலையாக எடுங்கள். விசா தாமதமானால் அது காப்பாற்றும். பதிவான மறுநாளே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வெளியே பார்க்கும் ஜன்னல் உண்டா, கட்டில்கள் எத்தனை, என்ன அகலம், பிள்ளைகளின் பெயரும் பதிவில் இருக்கிறதா, மின்தூக்கி நம் தளம் வரை வருமா என்று கேட்டுப் பதிலை அச்செடுத்து வையுங்கள். வரவேற்பில் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். ஹோட்டலின் முழு முகவரியையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையில் அதைக் கேட்பார்கள். அந்த அட்டை இலவசம்.

கிளம்பும் நாளில் காலை 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், விமானமோ இரவில். பெட்டிகளை வரவேற்பில் வைத்துக்கொள்வார்கள். குளிக்க இடம் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் கடைசி நாளில் தண்ணீர்ப் பூங்காவையோ ஜுராசிக் சவாரியையோ வைக்காமல், நனையாத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.