ரவுண்ட் பிந்திய மலையை எக்செல் சொல்லட்டும்

தேயிலையில் ஒருமுறை பறித்த இடத்துக்கு மறுபடி பறிக்கப் போவதுதான் ரவுண்ட்; ஏழெட்டு நாளில் பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். பக்டரியில் முகம் சுளிப்பார்கள். தோட்டத்து நிர்வாகியான துரை கணக்கப்பிள்ளையைத்தான் கேட்பார். இலங்கையின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை என்னுடையது. அதனால் கேள்வி வருமுன்பே விரிதாள் எனக்குச் சிவப்புக் காட்ட வேண்டும்.

முதல் நிரை தலைப்பு. ஏ நிரலில் மலை (கொழுந்து பறிக்கும் தோட்டப் பகுதி) நம்பர், பி நிரலில் பறித்த திகதி. எஃப்1 கலத்தில் 8 என்று எழுதுங்கள்; அதுதான் எல்லை. மலை நம்பர்படியும், அதற்குள் திகதிப்படியும் வரிசைப்படுத்துங்கள். புதிய பதிவு சேரும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஏ3 முதல் கீழே வரை தெரிவுசெய்து, ஹோம், கண்டிஷனல் போர்மட்டிங், நியூ ரூல் என்று போங்கள். பட்டியலின் கடைசி வகைதான் சூத்திரம் எழுதுவதற்கு. அதில், எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டி:

=ஆண்ட்($ஏ3=$ஏ2,$பி3-$பி2>$எஃப்$1)

நிறத்துக்கு மஞ்சள் போதும். முதல் நிபந்தனை இல்லாவிட்டால் 4ஆம் நம்பர் மலையின் கடைசித் திகதியை 5ஆம் நம்பரின் முதல் திகதியோடு ஒப்பிட்டு உளறும்.

ஆனால் மஞ்சள் காட்டுவது முடிந்துபோன தாமதத்தை. பழங்கணக்கு பார்ப்பவருக்கு அது உதவும். நாளைக் காலை ஆட்களை எந்த மலைக்கு அனுப்புவது என்று யோசிப்பவருக்கு உதவாது. அதற்கு ஏ2 முதல் தெரிவுசெய்து இரண்டாவது விதி, சிவப்பில்:

=ஆண்ட்($ஏ2<>$ஏ3,டுடே()-$பி2>$எஃப்$1)

ஒவ்வொரு மலையின் கடைசிப் பதிவையும் இன்றைய திகதியோடு இது ஒப்பிடும். காலையில் நான் பார்ப்பது இந்தச் சிவப்பை மட்டும்தான்.

நிறமே வராத மலையையும் முழுதாக நம்பாதீர்கள். திகதி கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது. கழித்தல் பிழையானால், விதி சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் இன்னும் மோசம். 25/6/2024 எழுத்தாக நிற்கும், 5/6/2024 மே 6 ஆகிவிடும். விண்டோஸின் பிராந்திய அமைப்பில் நாள் முதலில் வரும்படி மாற்றி, பழைய திகதிகளையும் சரிபாருங்கள்.

கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலை மாதக்கணக்கில் சிவப்பாகவே கிடக்கும். அதன் கடைசிப் பதிவுக்கு நேரே சி நிரலில் கவ்வாத்து என்று எழுதி, இரண்டாவது விதியில் $சி2<>"கவ்வாத்து" என்பதையும் சேருங்கள். வறட்சியில் கொழுந்து மெதுவாக வரும்போது விதியைத் தொட வேண்டாம். எஃப்1இல் 10 என்று மாற்றினால் போதும்.