பினாங்கில் மோட்டார் ஓட்டப் போகிறவர்களுக்கு: கடற்காற்றும் துருவும்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்து சேரும் தமிழர்களில் பலர், முதல் சில மாதங்களுக்குள் ஒரு மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் பைக் என்று சொல்வதை இங்குள்ள தமிழர்கள் மோட்டார் என்பார்கள்; எங்கும் காணப்படும் சிறிய வகைக்குக் கப்சாய் என்று பெயர். ஜோர்ஜ்டவுனில் தங்கி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்களுக்கும், எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தினமும் கடற்பாலம் கடந்து தீவுக்கு வருபவர்களுக்கும் அதுவே சிக்கனமான வழி. 2019 ஜனவரி 1 முதல் இரண்டு பாலங்களிலும் மோட்டார்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் முதல் பாலத்தில் 8.4 கிலோமீட்டரும் இரண்டாம் பாலத்தில் ஏறத்தாழ 17 கிலோமீட்டரும் கடலுக்கு மேலேயே ஓட்ட வேண்டியிருப்பதால், உங்கள் வண்டி தினமும் உப்புக்காற்றில் குளித்துத்தான் வீடு திரும்புகிறது.

மதுரையிலும் கோயம்புத்தூரிலும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள், மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இங்கே மழையை விடப் பெரிய பகை, கண்ணுக்குத் தெரியாமல் இரும்பின் மேல் படியும் உப்புத்தான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். பினாங்கில் இரவு நேர ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேயே இருப்பதால், கூரைக்கு அடியில் ஒரு சொட்டு மழை படாமல் நிற்கும் வண்டியும் இரவு முழுவதும் மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு குளிர்காலத்தோடு போய்விடும். இங்கு அப்படி ஓய்வு தரும் பருவம் கிடையாது.

ஆகவே முதன்மையான வேலை, உப்பைக் கழுவி நீக்குவது. வாரம் ஒரு முறையும், பாலத்தில் தினமும் செல்பவராக இருந்தால் வாரம் இரு முறையும், வெறும் குழாய்நீரால் வண்டியின் அடிப்பகுதி, சக்கரக் கம்பிகள், மட்கார்டின் உட்புறம், ஸ்டாண்டு ஆகியவற்றை நன்றாக அலசுங்கள். அடுக்குமாடி வீட்டின் வாகன நிறுத்துமிடத்தில் குழாய் இல்லையென்றால், செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு ஒன்றே போதும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம். அத்தகைய திரவங்கள் பலவற்றில் உப்பு சேர்க்கப்படுகிறது, அவை வண்டியின் மேல் இட்ட மெழுகையும் அகற்றிவிடும். வண்டி கழுவும் கடைகளின் அழுத்தநீரைச் சக்கர அச்சு, செயின், மின்னிணைப்புகளுக்கு நேராகப் பாய்ச்ச விடாதீர்கள், ஏனெனில் அந்த வேகத்தில் நீர், சீல்கள் எனப்படும் ரப்பர் தடுப்பு வளையங்களைத் தாண்டி பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும்.

கழுவியபின் துடைத்து உலர்த்துவது அதே அளவுக்கு முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். தஞ்சோங் தோக்கோங்கில் கடலோரம் குடியிருந்தபோது, மழையில் நனைந்து வந்த வண்டியை அன்றாடம் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்து, நன்றாகப் பாதுகாக்கிறோம் என்று நம்பினேன். ஓராண்டுக்குள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் ஊசி குத்தியதுபோல் சிறு சிறு குழிகள் விழுந்தன. அவை சீலைக் கிழிக்க, எண்ணெய் கசிந்து பிரேக் வரை வந்துவிட்டது. "தம்பி, ஈரத்தோட மூடி வச்சா உள்ளேயே புழுங்கும்" என்று பட்டறை அண்ணன் சொன்னபோது, இரண்டு குழாய்களையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. உலர்ந்த வண்டியை மட்டும், காற்று புகும் துணி உறையால் மூடுங்கள். அந்தக் குழாய்களை வாரந்தோறும் துடைத்து, சிலிக்கோன் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை வருடிவிடுங்கள்.

செயினைச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், பெருமழையில் ஓட்டிய பிறகும் துடைத்து, அதற்குரிய எண்ணெயை இடுங்கள். ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது இட்டால் எண்ணெய் உள்ளே இறங்கும். ஈரத்தை விரட்டுவதற்கென்று விற்கப்படும் மெல்லிய ஸ்பிரே சில நாட்களில் ஆவியாகிவிடும், அதை எண்ணெய்க்கு மாற்றாகக் கருதக்கூடாது. எதைத் தெளித்தாலும் பிரேக் தட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கழுவிய மறுநாள் காலையில் தட்டில் தெரியும் செம்மஞ்சள் படலத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் சில பிரேக்குகளிலேயே அது தேய்ந்துபோகும்.

இஞ்சினின் அலுமினிய மூடியில் இரும்புத் திருகுகள் உட்காரும் இடங்களில் வெள்ளைப் பொடி பூப்பதைப் பார்ப்பீர்கள். இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து சிறு மின்கலம் போல இயங்குவதால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. எப்போது திருகைக் கழற்றினாலும், மீண்டும் மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். இல்லையேல் அடுத்த முறை திருகு உடைந்து வரும். பேட்டரி முனைகளுக்கு வாசலின் போதும். சாயம் பூசிய பகுதிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெழுகு இடுங்கள், சிறு கீறல்களை உடனே சாயத்தால் மூடுங்கள்.

புகைபோக்கி உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். அருகிலுள்ள கடைக்கு மட்டுமே ஓட்டினால், எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து தங்கிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள், மேலே மினுக்கும் சாயத்தைப் பார்க்காமல் ஃபோர்க் குழாய், கால்மிதிக் கம்பி, சக்கரக் கம்பிகள், இருக்கைக்குக் கீழே உள்ள பெட்ரோல் தொட்டியின் வாய் ஆகியவற்றை விளக்கடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உடலைக் கழற்றிச் சட்டகத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும் காலம், பினாங்கில் மழை அதிகமாகப் பெய்யும் மாதங்களில்தான் வருகிறது. மூன்று, நான்கு வாரங்கள் வண்டி நிற்கும் என்றால், புறப்படுமுன் கழுவி உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் இட்டு, தொட்டிக்குள் ஈரம் படியாதபடி பெட்ரோலை நிரப்பி, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, நடு ஸ்டாண்டில் சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்திச் செல்லுங்கள்.